சட்டம் எழுதிய மேசையில் யார் இருந்தார்கள்?

(சிலாபத்தில் வாசிப்பு மாதத்தையொட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வாசிப்பு மாதத்தில் ஒருவரைப் பேச அழைத்தால், அவர் வாசிப்பின் பயனைப் பற்றிப் பேசுவார். அதுதான் வழக்கம். நான் இன்று வாசிக்கிற உரிமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி, திருட்டுப் பிரதியைப் பற்றி, இந்த இரண்டையும் சுற்றி உலகெங்கும் கிளம்பியிருக்கிற கோபத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்த மண்டபத்தில் திருட்டுப் பிரதியில் ஒரு படம்கூடப் பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கலாம். கேட்க மாட்டேன். முன்வரிசையில் இருப்பவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது அல்லவா?

நண்பர்களே, இங்கே இருப்பது ஒரு கோபம் அல்ல, இரண்டு கோபங்கள்.

முதலாவது, படைத்தவனுடைய கோபம். நம் நாட்டில் தமிழில் ஒருவர் சிறுகதைத் தொகுதி போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் நகை அடகுக்குப் போகும். அச்சகத்திலிருந்து 300 பிரதி வரும். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கொஞ்சம் போகும். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வட்சப் குழுமத்தில் போட்டுவிட்டு, "தமிழுக்கு என்னால் முடிந்த தொண்டு" என்று கீழே எழுதியும் வைப்பார். தொண்டு அவருடையது. அடகு எழுத்தாளருடையது. கோபம் வராமல் என்ன செய்யும்?

இரண்டாவது, படிக்கிறவனுடைய கோபம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைக்கு ஒரு பாடநூல் தேவை. அதன் விலை டொலரில் இருக்கிறது. தகப்பன் வருமானம் ரூபாயில் இருக்கிறது. அதிலும் கடல் கொந்தளிக்காத நாளில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை கொமியூனிகேஷன் கடைக்குப் போய் இரண்டு அத்தியாயத்தைப் போட்டோ கொப்பி எடுக்கிறது. அதையும் களவு என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இரண்டு கோபமும் நியாயம். அப்படியானால், இருவருக்கும் நியாயம் செய்யத்தானே சட்டம் இருக்கிறது? இரண்டு பேரும் ஏன் அந்தச் சட்டத்தைத் திட்டுகிறார்கள்? என் பதில் ஒரே வரிதான். சட்டம் எழுதிய மேசையில் படைத்தவனும் இல்லை, படிக்கிறவனும் இல்லை. நடுவில் நின்று வாங்கி விற்பவர்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு சில ஊர்களுக்குப் போய்வருவோம். மேசையில் யார் இருந்தார்கள்?

முதலில் தமிழ்நாட்டுக்குப் போவோம். நம் மகாகவியிடம் போவோம்.

1921 செப்டெம்பரில் பாரதியார் கண் மூடினார். மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் மிஞ்சிய சொத்து அவருடைய எழுத்துதான். குடும்பம் கஷ்டப்பட்டது. 1931இல் அந்த எழுத்துகளின் உரிமையைப் பாரதியின் தம்பி முறையான சி. விசுவநாதன் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை மட்டும் தனியாகக் கழன்று, 1934இல் ஜெசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் 450 ரூபாய்க்குப் போனது. 1946இல் அதே உரிமை 9,500 ரூபாய்க்கு ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அவருடைய 'நாம் இருவர்' படம் வெளிவந்தது. பாரதி பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தார்கள். என் உரிமையில் கை வைக்காதே என்று செட்டியார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். சட்டப்படி அவர் சொன்னது பிழையில்லை. காசு கொடுத்து வாங்கியவர் அவர். ஆனால் ஜனங்கள் கேட்டார்கள்: நாட்டின் விடுதலைக்குப் பாடிய பாட்டு ஒரு கொம்பனியின் பெட்டிக்குள் எப்படி இருக்கலாம்? பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்பு பிறந்தது. நாடு விடுதலையான பிறகு கவிஞனை விடுதலை செய்ய ஒரு கழகம்! எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் போன்றவர்கள் திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மாவைச் சந்தித்துச் சம்மதம் கேட்டார்கள்.

1949இல் சென்னை மாகாணத்தின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசாங்கம் பாரதியின் உரிமையை வாங்கியது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்மாருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். செட்டியாரோ தன்னிடமிருந்த உரிமையை ஒரு சதம்கூட வாங்காமல் கொடுத்துவிட்டார். ஐம்பதுகளின் நடுவில் பாரதி எழுத்து எல்லோருக்கும் பொதுவானது. அந்த மண்ணில் ஒரு கவிஞனுடைய எழுத்தை ஓர் அரசாங்கம் வாங்கி மக்களுக்குக் கொடுத்தது. நாட்டுடைமை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிற வழக்கம் அங்கே தொடங்கியது.

ஒரு கணக்குப் பாருங்கள். இன்று இலங்கையில் பதிப்புரிமை எவ்வளவு காலம்? எழுதியவரின் ஆயுளும், அவர் மறைந்து 70 ஆண்டும். அந்தக் கணக்கில் போனால் 1991 முடியும்வரை பாரதி பாட்டு யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் இருந்திருக்கும். உங்கள் அப்பா பள்ளிக்கூட மேடையில் அதைப் பாடியிருக்க முடியுமா?

சரி, நம் கேள்விக்கு வருவோம். 1949இல் மேசையில் யார் இருந்தார்கள்? கவிஞனின் மனைவி இருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். எழுத்தாளர்கள் இருந்தார்கள். உரிமையை வைத்திருந்த முதலாளியும் இருந்தார். அரசாங்கம் நடுவில் இருந்தது. காசு குடும்பத்துக்குப் போனது, பாட்டு நாட்டுக்குப் போனது. ஒருவரையும் பொலிசில் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி அறுபது ஆண்டு தாண்டி அதே சென்னைக்கு வருவோம். 2011 நவம்பர். '3' என்ற படத்துக்காக ஒலிப்பதிவு செய்த 'கொலவெறி' பாட்டு கசிந்துவிட்டது. கசிந்ததை மறைக்க முடியாது என்று தெரிந்ததும் படக்குழுவே அதை யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. என்ன நடந்தது? டோக்கியோவில் பாடினார்கள், டுபாயில் பாடினார்கள், சிலாபம் பஸ் நிலையத்திலும் பாடினார்கள். ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பியே அந்தப் பாட்டு உலகம் சுற்றியது.

2012 மார்ச் 30ஆம் திகதி படம் வெளிவந்தது. வெளிவரும் முன்னரே படத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தடை உத்தரவு வாங்கியிருந்தது. இன்னார் என்று பெயர் தெரியாத ஆட்களுக்கு எதிரான உத்தரவு. மே மாதத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் அந்த உத்தரவைக் காட்டித் தளங்களை முழுசு முழுசாக அடைத்தன. திருட்டுப் பிரதித் தளமான பைரட் பே போனது, அதற்காக யாரும் அழவில்லை. ஆனால் விமியோவும் போனது, டெய்லிமோஷனும் போனது. சொந்தமாக எடுத்த குறும்படத்தைச் சட்டப்படி அங்கே வைத்திருந்த இளைஞனுடைய வேலையும் சேர்ந்து போனது. ஒரு படத்தின் திருட்டுப் பிரதியைப் பிடிக்கப் போய், படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளையின் கதவையும் சாத்தினார்கள்.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? ஜூன் 9ஆம் திகதி இந்தியாவின் பல நகரங்களில் முகமூடி போட்ட இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 22இல் அதே நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது. திருட்டுப் பிரதி இருக்கிற குறிப்பிட்ட முகவரியை மட்டும் அடையுங்கள், முழுத் தளத்தையும் அடைக்காதீர்கள் என்றது. கள்வன் ஒருவன் ஒளிந்திருக்கும் வீட்டுக்காக முழுத் தெருவையும் பூட்டாதே என்பதுதானே இதன் பொருள்? இதை அறிவதற்கு ஏன் தெருவில் இறங்க வேண்டியிருந்தது? உத்தரவு வாங்கிய நேரம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு என்று ஒருவரும் இல்லை. கேட்டவர் மட்டும் இருந்தார்.

படக்காரர்களின் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை படம் வெளிவந்தால் அன்று மாலையே தமிழ் ரொக்கர்ஸ் போன்ற தளங்களில் அது கிடைத்த காலம் உண்டு. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்த சிறிய தயாரிப்பாளர் அதோடு முடிந்தார். அதனால்தான் இந்தியா 2023இல் சட்டத்தை இறுக்கியது. ஆகக் குறைந்தது மூன்று மாதம் சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம். அபராதம் மூன்று இலட்சம் ரூபாயில் தொடங்கிப் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து வீதம் வரை ஏறலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அடைக்க அடைக்க அந்தத் தளங்கள் முகவரியின் வாலை மாற்றிக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தனவே! தண்டனை ஏறினால் மட்டும் திருட்டு இறங்கிவிடுமா?

அந்த 2012 மே மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. அது பலருக்கு நினைவில் இல்லை. இந்தியப் பாராளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் படத்துக்கு வெளியே வரும் வருமானத்தில் பங்கு உண்டு, அந்தப் பங்கை யாரும் கையெழுத்து வாங்கிப் பறித்துவிட முடியாது என்று எழுதியது. அதற்காக மாநிலங்களவையில் எழுந்து பேசியவர் யார்? பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். பாட்டு எழுதியவரே உறுப்பினராக அவைக்குள் இருந்தார். படைத்தவன் மேசையில் இருந்தால் சட்டம் படைத்தவனுக்காகப் பேசும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னும் ஒரு ஊர். டில்லி. மாணவச் செல்வங்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

டில்லி பல்கலைக்கழக வளாகத்துக்குள் ராமேஷ்வரி என்று ஒரு சின்னப் போட்டோ கொப்பிக் கடை. விரிவுரையாளர்கள் சொன்ன புத்தகங்களில் வேண்டிய பகுதிகளை மட்டும் பிரதி எடுத்து, ஒன்றாகக் கட்டி, மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்த கடை. 2012இல் அந்தக் கடைக்கு எதிராக ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அன்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சில நூற்றாண்டு வயதான பதிப்பகங்கள். மறுபக்கம் ஒரு கொப்பி மெஷின்.

மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் நுழைந்தார்கள். ஆசிரியர்களும் நுழைந்தார்கள். யாருடைய பெயரைச் சொல்லிப் பதிப்பகங்கள் நீதிமன்றம் போயினவோ, அந்த நூலாசிரியர்களிலேயே பலர் எங்கள் பெயரில் இதைச் செய்யாதீர்கள் என்றார்கள். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் கடிதமே எழுதினார். 2016 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. பதிப்புரிமை கடவுள் கொடுத்த உரிமை அல்ல, சமூகத்தின் அறிவு வளர்வதற்காகச் சட்டம் உண்டாக்கிய உரிமை என்று நீதிபதி சொன்னார். மேன்முறையீட்டிலும் கல்வித் தேவைக்கான பிரதிக்கு இடம் உண்டு என்ற நிலை நின்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கை விட்டு விலகின.

வழக்கின் தொடக்கத்தில் கடைக்காரர் தனியாக நின்றார். முடிவில் படிப்பவர்களும் எழுதுபவர்களும் அவர் பக்கத்தில் நின்றார்கள். அங்கேதான் காற்று மாறியது.

சரி, இந்த மேசைகளை முதலில் போட்டது யார்? 1986இல் அமெரிக்காவில் ஃபைசர் மருந்துக் கொம்பனியின் தலைவரும் ஐபிஎம் கொம்பனியின் தலைவரும் முன்னின்று, ஒரு டசின் வரையான பெரிய கொம்பனிகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார்கள். புலமைச் சொத்தை உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதன் வேலை. 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அவர்கள் கேட்டதில் பெரும்பகுதி ஒப்பந்தமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டவை நாடுகள். நகல் எழுதக் கொடுத்தவை கொம்பனிகள்.

மிக்கி மவுஸ் கதையும் இதுதான். அந்த எலி முதன்முதலில் திரையில் பேர் வாங்கிய படம் 1928இல் வந்தது. பழைய கணக்கில் 1984 வாக்கில் அது பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். 1976இல் அமெரிக்கச் சட்டம் அந்தக் காலத்தை நீட்டியது. 1998இல் திரும்பவும் நீட்டியது. அதை நீட்டும்படி உழைத்தவர்களில் டிஸ்னி நிறுவனம் முன்னணியில் இருந்தது. கடைசியில் 2024 ஜனவரி முதலாம் திகதிதான் அந்தப் பழைய படம் பொதுவானது. வால்ட் டிஸ்னி 1966இலேயே மறைந்துவிட்டார். 1998இல் காலத்தை நீட்டியதால் அவர் எழுந்து வந்து இன்னொரு படம் வரைந்தாரா?

ஆனால் ஜனங்கள் எழுந்தால் நிலைமை மாறும். 2012 ஜனவரி 18ஆம் திகதி ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கக் கறுப்புப் போட்டுக்கொண்டது. திருட்டை ஒழிக்கிறோம் என்று இணையத் தளங்களையே முடக்க வழி செய்த இரண்டு அமெரிக்கச் சட்டமூலங்களுக்கு எதிராக. இரண்டே நாளில் அவற்றை ஒத்திவைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பியப் பாராளுமன்றம் அக்டா என்ற திருட்டுப் பிரதி எதிர்ப்பு ஒப்பந்தத்தை 478க்கு 39 என்ற வாக்கில் தூக்கிப் போட்டது. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகப் பேசி எழுதிய ஒப்பந்தம்.

அப்படியென்றால் நம் நாட்டு மேசை? வாருங்கள், வீட்டுக்கு வருவோம்.

நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அந்தச் சட்டமூலம் வந்தபோது, மருந்து பற்றிய ஏற்பாடுகள் ஏழை நோயாளியைப் பாதிக்கும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். உலக ஒப்பந்தத்திலேயே ஏழை நாடுகளுக்கு விட்டிருக்கிற சலுகைகளை நம் சட்டமூலம் விட்டுவிட்டதே என்று கேட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்றது. திருத்திய பிறகே சட்டமானது. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால்?

அந்தச் சட்டத்தில் 11ஆம், 12ஆம் பிரிவுகள் உண்டு. நியாயமான பயன்பாடு என்று அதற்குப் பெயர். கற்பிப்பதற்கும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நூலகத்தின் தேவைக்கும் அளவோடு பிரதி எடுக்க அங்கே இடம் இருக்கிறது. அளவோடு என்பதில் அடிக்கோடு போடுங்கள். முழுப் புத்தகத்தையும் கொப்பி அடித்து விற்க அங்கே இடம் இல்லை. நம் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவுகள் தெரியும்? தெரியாததால் ஒரு பக்கம் பயம், மறுபக்கம் அத்துமீறல்.

பார்வையற்றோருக்காக மராகேஷ் உடன்படிக்கை என்று ஒன்று 2013இல் வந்தது. உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் புத்தகத்தைப் பிரெய்லாகவும் ஒலியாகவும் மாற்ற வழி விடும் உடன்படிக்கை. இலங்கை 2016இல் அதில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை எழுதப்பட்ட இடத்தில் பார்வையற்றோரின் அமைப்புகள் இருந்தன. வருடக்கணக்காக வாதாடின. மேசையில் யார் இருந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இப்போது நம் கடற்கரைக்கு வருகிறேன்.

உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்பவர்கள் எல்லோரும் வாங்கிப் பாட, அந்தத் தாளத்தில் கால் பின்னுக்குப் போகும், கயிறு கரைக்கு வரும். பாட்டு நின்றால் இழுவை குலையும். அந்தப் பாட்டை எழுதியவர் யார்? தெரியாது. உரிமை யாருக்கு? அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வடிவங்களுக்கும் பாதுகாப்புச் சொல்கிறது. மரபான சூழலுக்கு வெளியே காசுக்காகப் பயன்படுத்துவதானால், அமைச்சர் தீர்மானிக்கும் ஓர் அதிகாரியிடம் அனுமதி எடுக்க வேண்டும். நல்லது. ஆனால் ஒரு சினிமாக்காரர் நாளைக்கு அம்பாவை எடுத்து மின்னிசை சேர்த்து வெளியிட்டால், கயிற்றில் நிற்கும் பெரியவரிடம் யார் வந்து கேட்பார்கள்? கொழும்பில் உள்ள மேசையில் உடப்புக்கு ஒரு கதிரை இருக்கிறதா?

கரைவலையில் ஒரு நீதி இருக்கிறது. மடி கரைக்கு வந்ததும் மீனை விற்று, வள்ளமும் வலையும் போட்ட சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. சம்மாட்டிக்குப் பங்கே இல்லை என்று எந்தத் தொழிலாளியும் சொல்வதில்லை. எல்லாமே எனக்கு என்று சம்மாட்டி சொன்னால், மறுநாள் கயிற்றுக்கு ஆள் வராது. புத்தகத்திலும் பாட்டிலும் படத்திலும் நாம் கேட்பது இந்தப் பங்கைத்தான்.

இந்த மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கற்பிட்டியில் பிறந்து, இதே சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர் சைமன் காசிச் செட்டி. 1859இல் 'தமிழ் புளூடார்க்' என்ற நூலை வெளியிட்டு, ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். அந்தப் புலவர்களுடைய பாட்டு அவர் காலம்வரை எப்படி வந்து சேர்ந்தது? யாரோ ஒருவர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏட்டில் எழுதியதால் வந்து சேர்ந்தது. பிரதி எடுத்த கைகள் இல்லாமல் தமிழ் இலக்கியம் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தபோது நாம் படித்த பாடமும் அதுதான். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் ஒரு தீக்குச்சி போதும்.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் நூலகம் என்ற எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் முயற்சி. உரிமை உள்ளவர்களிடம் சம்மதம் கேட்டு எழுத்தாளரின் பெயரோடு வைக்கிறார்கள். எழுத்தாளர்களும் மனமுவந்து கொடுக்கிறார்கள். வட்சப்பில் போட்டவரும் இலவசமாகத்தான் போட்டார், இவர்களும் இலவசமாகத்தான் வைக்கிறார்கள். வித்தியாசம் எங்கே? இவர்கள் கேட்டார்கள். கேட்டால் தமிழ் எழுத்தாளன் இல்லை என்று சொல்வது அபூர்வம். அவனுக்கு வலிப்பது கேட்காமல் எடுப்பதுதான்.

நண்பர்களே, முடிக்கப் போகிறேன். திருட்டுப் பிரதி சரியா என்று என்னிடம் கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, கொப்பி எடுக்கும் மாணவியையும், படத்தைத் திருடி விளம்பரத்தில் சம்பாதிக்கும் தளக்காரனையும் ஒரே கூண்டில் நிறுத்துகிற சட்டம் நம் மதிப்பைப் பெறாது. படைத்தவனுக்குப் பிச்சை போட்டுவிட்டு அவனுடைய பெயரைச் சொல்லி அதிகாரம் கேட்கிற வியாபாரமும் நம் மதிப்பைப் பெறாது.

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன். முதலாவது, நம் நாட்டு எழுத்தாளரின் புத்தகம் இருக்கிறதா, காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு கொத்து ரொட்டியின் விலைதான் வரும். இரண்டாவது, ஆசிரியர்களும் நூலகர்களும் அந்த 11ஆம், 12ஆம் பிரிவுகளை ஒரு தாளில் எழுதிப் பாடசாலையில் ஒட்டுங்கள். எது நம் உரிமை, எது எல்லை மீறல் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். மூன்றாவது, அடுத்த தடவை இணையம் பற்றியோ பதிப்புரிமை பற்றியோ ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்தால், அதைத் தமிழில் வாசியுங்கள். தமிழில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். உயர் நீதிமன்றத்தில் மனுப் போட அரசியலமைப்பு கொடுத்திருப்பது சில நாட்கள் மட்டும்தான். அந்த நாட்களில் உறங்கிவிட்டு, சட்டம் வந்த பிறகு முகநூலில் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை.

கோபம் நல்லதுதான். ஆனால் தெருவோடு நின்றுவிடுகிற கோபம் நாலு நாளில் ஆறிவிடும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நாளைக்கு யாராவது எழுந்து நின்று, இந்தச் சட்டம் எழுதியபோது மேசையில் யார் இருந்தார்கள் என்று கேட்டால், நாங்களும் இருந்தோம் என்று சிலாபம் சொல்ல வேண்டும்.